மாமனாரைச் சாகடித்த அத்தியாயம்

இருபது வருஷமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். கணக்கு எனக்கு ஓரளவு வரும். பொய்யைக் கண்டுபிடிப்பது அதைவிட நன்றாக வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளை எழுந்து நின்றால் போதும், வாயைத் திறப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். இந்தத் திறமைக்காக எங்கள் பள்ளி ஸ்டாஃப் ரூமில் எனக்கென்று ஒரு மரியாதை உண்டு. யாருடைய வகுப்பில் பேனா காணாமல் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் வரிசையாக எல்லா முகத்தையும் ஒரு பார்வை பார்ப்பேன். ஏதாவது ஒரு பிள்ளை அழ ஆரம்பிக்கும். அதுதான் எடுத்தது என்று முடிவு செய்துவிட்டு வந்துவிடுவேன். பேனா பெரும்பாலும் அந்த டீச்சரின் கைப்பையிலேயே இருக்கும், அது வேறு விஷயம்.

இந்தத் தலைக்கனத்தோடுதான் வேலூரில் ஒரு கல்லூரியில் பகுதி நேர முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தேன். கல்வியியலில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் செய்யும் உத்தேசம் எனக்கு இல்லை. கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு நீளமாக ஒரு பட்டியல் வருமே, அதில் என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. என் நாத்தனார் பெயருக்கு முன்னால் ஒன்றும் கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தலைப்புக்காக நான் அலையவில்லை. 'எட்டாம் வகுப்பு மாணவர்கள் வீட்டுப்பாடம் செய்யாமைக்கான காரணங்கள்'. தினமும் காலையில் முதல் பீரியடில் தானாக வந்து விழுகிற சரக்கு. ஒரு நீள நோட்டு வாங்கி நான்கு கட்டம் போட்டேன். தேதி, மாணவர், சொன்ன காரணம், கடைசிக் கட்டத்தில் மெய் அல்லது பொய். இந்தக் கடைசிக் கட்டத்தை நான் நின்ற இடத்திலேயே, பிள்ளை உட்காருவதற்குள் நிரப்பிவிடுவேன். யோசிக்கவே மாட்டேன். இந்த ஆய்வின் உயிரே அந்தக் கட்டம்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என்னென்ன காரணங்கள்! ஆரணிப் பிள்ளைகளுக்குக் கற்பனை குறைவென்று யாரும் சொல்ல முடியாது.

"நோட்டு பொடவப் பார்சலோட சேர்ந்து மெட்ராஸ் போயிடுச்சு மிஸ்."

பொய்.

"கிராஃப் நோட்டுல எங்கப்பா மயில் போட்டுட்டாரு மிஸ்."

பொய்.

"பூனை பைக்குள்ள குட்டி போட்டுடுச்சு மிஸ். கிட்ட போனா சீறுது."

பொய், பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி.

"காய்ச்சல் மிஸ்." கூடவே அம்மா கையெழுத்தோடு ஒரு கடிதம்.

மெய்.

இது ஒரு பக்கம் நடக்க, நான் மாணவியாக இருந்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஆய்வு முறையியல் வகுப்பில் போய் உட்கார்ந்த முதல் நாளே என் கால்கள் என்னைக் கேட்காமல் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டன. இரண்டாம் வாரம் நோட்டின் ஓரத்தில் பூக்கோலம் போட ஆரம்பித்தேன். மூன்றாம் வாரம் பக்கத்தில் இருந்த வரலாற்று டீச்சரைப் பார்த்து எழுதினேன். அவர் தனக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பார்த்து எழுதியிருந்தார். அந்தப் பக்கம் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

என் நெறியாளர் என்னைவிட எட்டு வயது இளைய பெண்மணி. ஆய்வறிக்கையில் கடைசியாகக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற முகம் அவருக்கு. பார்த்தவுடன் முதலில் கேட்பது "சாப்டீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். இல்லை என்று சொல்லிவிட்டால் தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியைத் தள்ளிவிடுவார். இவ்வளவு லேசாக நம்புகிற ஆள் எப்படிப் பேராசிரியர் ஆனார் என்று எனக்குள் ஓர் இளக்காரம் இருந்தது. ஆனால் அந்த முகத்தை நான் பயன்படுத்திக்கொள்ளாமல் விடவில்லை.

இரண்டாம் அத்தியாயம் என்பது முந்தைய ஆய்வுகளைப் படித்துத் தொகுத்து எழுதுவது. நான் ஒன்றையும் படிக்கவில்லை. முதல் மாதம் லேப்டாப் கெட்டுப்போனது என்றேன். "பரவாயில்லைங்க, பொறுமையா எழுதுங்க" என்றார். அடுத்த மாதம் லேப்டாப் சரியாகி பென்டிரைவ் கெட்டுப்போனது. அதற்கடுத்து நான் வந்த பஸ் கண்ணமங்கலத்தில் பஞ்சர் ஆனது. அந்த நேரத்தில் நான் வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். பிறகு என் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. அவன் சென்னை விடுதியில் திடகாத்திரமாக வாலிபால் ஆடிக்கொண்டிருந்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சொன்ன காரணங்களை நோட்டில் எழுத எழுத, என் கைவசமும் சரக்கு சேர்ந்துகொண்டே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் போன் செய்தார். "ரெண்டாம் அத்தியாயம் இந்த வாரமாச்சும் வந்துடுமாங்க?" என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார். எனக்கு எதுவும் மிச்சம் இல்லை. லேப்டாப், பென்டிரைவ், பஸ், மகன் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். மாமனார் ஒரு தட்டு முறுக்கை மடியில் வைத்துக்கொண்டு டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமனார் தவறிட்டாருங்க மேடம்" என்றேன்.

சத்தியமாக நான் திட்டமிட்டுச் சொல்லவில்லை. கண்ணில் பட்டார், சொல்லிவிட்டேன். அதே நேரத்தில் டிவியில் விக்கெட் விழுந்தது. மாமனார் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ போச்சே! போச்சே!" என்று அலறினார். அந்த அலறல் போன் வழியாக வேலூருக்குப் போய்ச் சேர்ந்தது. "நீங்க வீட்டைப் பாருங்க" என்று தழுதழுத்த குரலில் சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். மாமனார் அடுத்த ஆட்டக்காரனைத் திட்ட ஆரம்பித்திருந்தார். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரும் மாமியாரும் வந்தவாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மாமியார் வீட்டில் இல்லாதது கடவுள் செயல். இருந்திருந்தால் அன்று உண்மையிலேயே ஒரு சாவு விழுந்திருக்கும். நான் சமையற்கட்டில் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தேன். மாமனார் முடிவெட்டிக்கொண்டு, குளித்து, நெற்றியில் சந்தனம் இட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். வெளியே ஓர் ஆட்டோ வந்து நின்றது.

"கணக்கு டீச்சர் வீடு இதுதானுங்களா? துக்கம் கேக்க வந்தேங்க."

குரல் கேட்டதும் என் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் நெறியாளர். கையில் வாழையிலையில் சுற்றிய மாலை.

"துக்கமா? யாரும்மா பூட்டது?" என்றார் மாமனார்.

"அவங்க மாமனாருங்க."

மாமனார் மெதுவாகத் திரும்பி உள்ளே பார்த்தார். நான் நெறியாளர் கண்ணில் படாமல், மாமனாருக்கு மட்டும் தெரியும்படி கதவோரம் வந்து நின்று, கரண்டியோடு கையெடுத்துக் கும்பிட்டேன். மனிதர் நாற்பது வருஷம் பட்டுப் புடவைக் கடையில் விற்பனைக்கு நின்றவர். வந்தவர் முகத்தைப் பார்த்தே என்ன புடவை எடுத்துப் போடலாம் என்று தெரிந்துகொள்கிறவர். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"எங்கண்ணன்தாம்மா" என்றார். "உள்ள வாங்க."

அதற்குப் பிறகு நடந்ததை நான் என் வாழ்நாளில் மறக்கப் போவதில்லை. மாமனார் நடுக்கூடத்தில் உட்கார்ந்து தன்னைப் பற்றித் தானே துக்கம் கொண்டாட ஆரம்பித்தார். "அவர மாதிரி ஒரு மனுசன் இந்த ஆரணியிலயே கெடையாதும்மா. இன்னா ஒரு கலரு! இன்னா ஒரு பேச்சு! ஒருத்தர ஒரு சொல்லு சொன்னது இல்ல. கடைசி வரிக்கும் கண்ணாடி இல்லாம பேப்பர் படிச்சிகினு இருந்தாரு." கடைசி விஷயம் பச்சைப் பொய். பேப்பரைப் படிக்கக் கண்ணாடி மேல் கண்ணாடி போடுகிற ஆள் அவர்.

நெறியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் மாமனாருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

"போற அன்னிக்குக்கூட ஒரே ஒரு மசால் வடை கேட்டுகினு இருந்தாரும்மா. எண்ணெ ஆவாது, எண்ணெ ஆவாதுன்னு இந்தப் பொண்ணு குடுக்கல. காபியில சக்கர கெடையாது. சட்டினியில உப்பு கெடையாது. ஆசைய மனசுலயே வெச்சிகினு பூட்டாரு."

நெறியாளர் என்னைப் பார்த்தார். குற்றம் சொல்லும் பார்வை இல்லை அது. இரக்கத்தோடு சேர்ந்த ஒரு பார்வை. அது இன்னும் மோசம். "உடம்புக்கு ஆகாதுன்னு பார்த்துதானே தரல. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமனார் துண்டுக்குள் இருந்து குலுங்கினார். அழுகை என்று நெறியாளர் நினைத்துக்கொண்டார்.

"படம் எங்கேங்க? மாலை போடணும்" என்று கேட்டார் நெறியாளர்.

"படம் லேமினேஷனுக்குக் குடுத்துகீதும்மா" என்றார் மாமனார், கண் இமைக்காமல்.

செவ்வாய், வெள்ளி வேண்டாம் என்று நாள் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையையும் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தவர் அவர். வேலூரிலிருந்து நேர் பஸ் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்தார். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது அல்லவா, அதனால் எழுந்து ஒன்றும் சொல்லாமல் படி இறங்கிப் போய்விட்டார். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் மாமனார் மாலையைப் பிரித்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்.

"நல்லாத்தான் கீது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஜல்தியா போயி கடலப் பருப்ப ஊற வைம்மா" என்றார்.

அன்றிலிருந்து ஒரு மாதம் எங்கள் வீட்டில் மாலை நான்கு மணிக்கு மசால் வடை. காபியில் இரண்டு கரண்டி சர்க்கரை. நான் முகத்தைச் சுளித்தால் போதும், "வேலூர் அம்மாவுக்கு ஒரு போன் போடட்டுமா?" என்பார். மாமியார் ஒன்றும் புரியாமல், மருமகளுக்குத் திடீரென்று மாமனார் மேல் எங்கிருந்து இவ்வளவு பாசம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நெறியாளர் எனக்கு இரண்டு மாதம் கூடுதல் அவகாசம் கொடுத்தார். எனக்கோ அந்த இரண்டு மாதமும் அவர் என் கையைப் பிடித்தது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் உட்கார்ந்து முந்தைய ஆய்வுகளை எல்லாம் படித்து, இரண்டாம் அத்தியாயத்தை ஒழுங்காக எழுதி முடித்தேன். மாமனார் சாகாமல் இருந்திருந்தால் அந்த அத்தியாயம் பிறந்தே இருக்காது.

அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு வேலூர் போனபோது, காரணங்கள் எழுதிய நீள நோட்டையும் பெருமையாகக் கொண்டுபோனேன். நெறியாளர் அத்தியாயத்தைப் படித்து நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு நோட்டைப் புரட்டினார். பூனை வந்த இடத்தில் சிரித்தார். கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இது மெய், இது பொய்னு எப்படிங்க முடிவு பண்ணீங்க?"

"முகத்தைப் பார்த்தா தெரிஞ்சிடும் மேடம். இருபது வருஷ அனுபவம்."

"அப்படியாங்க?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு என் முகத்தைப் பார்த்தார். "எனக்கு அதெல்லாம் தெரியறதே இல்லைங்க."

மேசை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா ஆய்வுல இது நிக்காதுங்க. வெளியிலேருந்து வர்ற தேர்வாளர் முதல் கேள்வியே இதைத்தான் கேப்பாரு. ஒவ்வொரு வீட்டுக்கும் நேர்ல போய் விசாரிச்சு, இந்தக் கட்டத்தைச் சரி பாருங்க. அது இல்லாம என்னால கையெழுத்துப் போட முடியாது. உங்க பதிவும் இந்த வருஷத்தோட முடியுது." கோபமே இல்லாமல் சொன்னார். சரி பார்க்காவிட்டால் நான் ஓடிய ஓட்டம், மாமனார் செத்தது எல்லாம் வீண் என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

எனக்குக் கோபம் வந்தது. என் கணக்கு சரியாகத்தான் இருக்கும், சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குப் போய்வருவோம் என்று மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கிளம்பினேன்.

முதல் வீடு, நோட்டு மெட்ராஸ் போன வீடு. அந்தப் பிள்ளையின் அப்பா புடவைகளைக் கட்டிச் சென்னைக் கடைக்கு அனுப்புகிறவர். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "பேஜார் புடிச்ச வேலைங்க அது. பொடவைய மடிச்சு மடிச்சு அடுக்கறப்ப நடுவுல பூந்துகிச்சு" என்று சொல்லி உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். அடுத்த பார்சல் வண்டியில் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கடையின் கணக்கர் சும்மா இருக்க மாட்டாமல் பச்சை மையில் கணக்குகளைத் திருத்தியிருந்தார். மூன்றாவது கணக்கில் 'வினாவே தவறு' என்று எழுதியிருந்தார். போட்டுப் பார்த்தேன். தவறுதான். அன்று போர்டில் எழுதிப்போட்டது நான்தான்.

பொய் என்பதை அடித்து மெய் என்று எழுதினேன்.

இரண்டாவது வீட்டில் மயில் இருந்தது. கிராஃப் நோட்டின் நான்கு பக்கங்களைச் சேர்த்து ஒட்டி, புடவை முந்தானைக்காகக் கட்டம் கட்டமாக நிரப்பிய பெரிய மயில். கழுத்து வரைபடத்தின் முதல் கால்பகுதியில், தோகை மூன்றாம் கால்பகுதியில். "கொண்டை கொஞ்சம் சாயுதுங்களா டீச்சர்?" என்று அந்த நெசவாளர் என்னிடமே கேட்டார். இரண்டு கட்டம் இடப்பக்கம் தள்ளலாம் என்றேன். இருபது வருஷத்தில் வரைபடத்தை இவ்வளவு உருப்படியாக ஒருவர் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வீட்டில் பூனை. பை இன்னும் அதன் வசம்தான் இருந்தது. பிள்ளை மஞ்சள் பையில் புத்தகம் கொண்டுவந்ததை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. ஆய்வாளர் என்ற முறையில் பைக்குள் எட்டிப் பார்த்தேன். மூக்கில் கீறல் விழுந்தது. மெய்.

பிறகுதான் வேடிக்கை. காய்ச்சல் என்று அம்மா கையெழுத்தோடு கடிதம் கொண்டுவந்த பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவனுக்கா? பொறந்ததுலேருந்து ஒரு நாள் படுத்தது இல்லீங்க. அதுவும் எனக்குக் கையெழுத்து போட வராதுங்களே." நான் மெய் போட்டிருந்த தலைவலியும் பொய். சைக்கிள் செயின் அறுந்ததும் பொய், அந்த வீட்டில் சைக்கிளே கிடையாது. இரண்டு வாரம் அலைந்து பார்த்ததில், யாரும் நம்ப முடியாதது எல்லாம் மெய்யாக இருந்தது. நம்பும்படி இருந்ததெல்லாம் பொய். யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? பொய் சொல்கிற ஆள் பொருத்தமாகத்தான் சொல்வான். பஸ் பஞ்சர் ஆனது என்று சொன்னவள் நான், எனக்குத் தெரியாதா? அதுவரைக்கும்கூடச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஸ்டாஃப் ரூமில் மூக்குக் கீறலைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒரு பெண்பிள்ளையின் வீடு மிச்சம். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. அவள் பெயரில் மூன்று பதிவுகள். ஆடி மாதத்தில் ஒரு நாள் 'தாத்தா செத்துட்டாரு'. ஐப்பசியில் மறுபடியும் 'தாத்தா செத்துட்டாரு'. இரண்டும் பொய் என்று போட்டிருந்தேன். இரண்டாவது தடவை அவள் சொன்னபோது, "உங்க தாத்தா வருஷத்துக்கு எத்தனை வாட்டி சாவாரு?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. என் ஜோக்குக்கு அப்படியொரு சிரிப்பு வந்தது அதுவே முதல் தடவை, நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்றாவது பதிவு தை மாதம், வயிற்று வலி. அதற்கு மெய் போட்டிருந்தேன்.

அது ஊர்க்கோடியில் இருந்த நெசவாளர்கள் தெரு. நான் போளூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் அந்தத் தெருவுக்குள் அன்றுதான் நுழைகிறேன். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். அந்தப் பிள்ளை அம்மாவோடு உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் அம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

தாத்தா விஷயத்தைத் தயங்கித்தான் கேட்டேன். அந்த அம்மா விரல் விட்டுச் சொன்னார்.

"எங்கப்பா ஆடியில பூட்டாருங்க. இவ அப்பாவோட சித்தப்பா இதே வூட்டுலதான் இருந்தாரு, அவரு ஐப்பசியில. எதிர் வூட்டுப் பெரியவரு தையில. அவரு தறியிலதான் எங்க வூட்டுக்காரரு நெய்யறாரு. இவ நடை பழகினதே அவரு கையப் புடிச்சிகினுதாங்க. சாவு எடுக்கற வரிக்கும் தெருவுல தறி ஓட்ட மாட்டோம். புள்ளைங்களும் பொஸ்தகம் தொட மாட்டாங்க."

"மூணு பேரா?" என்றேன். "எங்கிட்ட ரெண்டுதானே இருக்கு?"

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மூணாவதுக்கு வயித்து வலின்னு சொல்லிட்டேன் மிஸ்."

"ஏம்மா?"

"மறுபடியும் தாத்தான்னு சொன்னா எல்லாம் சிரிப்பாங்க மிஸ். வயித்து வலின்னு சொன்னா நீங்க ஒடனே ஒக்காருன்னுடுவீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. போர்டில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவதுபோல, படிப்படியாக எனக்குப் புரிய வைத்தாள், அவ்வளவுதான். நான் நோட்டைத் திறந்தேன். வயிற்று வலி, மெய். என் கையெழுத்து அன்று மிக அழகாக இருந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. என் மேலேயே கோபமாக இருந்தது. கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த மனிதரை நான் சாகடித்ததற்கு ஒருவர் இரண்டு பஸ் மாறி மாலையோடு வந்து அழுதார். உண்மையாகவே செத்த மனிதர்களுக்காக ஒரு பிள்ளை எழுந்து நின்று சொன்னபோது நான் ஜோக் அடித்தேன். அந்த அம்மா கொடுத்த டீயைக் குடித்தேன். வரட்டுமா என்றுகூடக் கேட்காமல் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு முதல் வேலையாக வேலூர் போனேன். நெறியாளர் வழக்கம்போலச் சாப்டீங்களா என்று கேட்டார். "மேடம், என் மாமனார் சாகலைங்க" என்றேன். அவர் டிபன் பாக்ஸ் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அன்னிக்கு அழுதுகிட்டே எங்கிட்ட பேசினது யாருங்க?"

"அவரேதாங்க."

அவர் முகம் சிவந்துபோனது. சிரிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ளும் தைரியம் எனக்கு அப்போது போயிருந்தது. "ஆரணியிலேருந்து திரும்பி வர்றப்ப பஸ்ஸுல அழுதுகிட்டே வந்தேங்க" என்றார் கடைசியில். "எங்கப்பா ஞாபகம் வந்துடுச்சு." நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பிள்ளையைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னேன். நோட்டைத் திறந்து தை மாதத்துப் பக்கத்தைக் காட்டினேன்.

"இதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லைங்க மேடம். நேரா இங்கதான் வந்தேன்."

"கையெழுத்துப் போடறது நான்னு முதல்ல எங்கிட்ட வந்துட்டீங்களா?"

இந்தத் தடவை சாக்குச் சொல்ல லேப்டாப்பும் இல்லை, பென்டிரைவும் இல்லை. அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "போங்க. அதை முடிச்சிட்டு வாங்க. அத்தியாயம் எங்கயும் ஓடிடாது" என்றார். சாப்பிடாமல் போகக் கூடாது என்று இரண்டு இட்லியும் கொடுத்தார்.

அடுத்த நாள் காலை முதல் பீரியட். யாரையும் வீட்டுப்பாட நோட்டை எடுக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அதிலேயே பயம் வந்துவிட்டது, திடீர்த் தேர்வு என்று நினைத்து இரண்டு பேர் தாள் கிழிக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எழுந்து நின்றாள்.

"உங்க தாத்தா செத்துப்போனாருன்னு நீ சொன்னப்ப நான் நம்பல. எல்லாரையும் சிரிக்க வெச்சேன். அது என் தப்பு. என்னை மன்னிச்சுக்கோ" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் விடை சொல்லக் கூடாது என்று நான்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"எந்தத் தாத்தாவுக்கு மிஸ்?" என்று கேட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை.

"மூணு பேருக்கும்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.